கைமாறும் எஸ்யூவி, கைமாறாத உண்மை

‘புதிய சிறிய கார் வாங்கும் பணத்தில் பழைய எஸ்யூவி ஒன்றையே வாங்கிவிடலாம்’ என்னும் வாதம் கல்விப்புலத்தில் ஏறத்தாழ மறுப்பில்லாத கொள்கையாகிவிட்டது. மைசூரு விஜயநகரில் குடியிருந்துகொண்டு மானசகங்கோத்ரி வளாகத்துக்கும், ஹுன்சூர் சாலையிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்துக்கும் சென்றுவரும் ஆய்வாளர்களும் விரிவுரையாளர்களும் இதற்கு விலக்கல்லர். அடிக்குறிப்பில்லாத ஒரு வரியையும் ஏற்காதவர்கள், ஆறேழு லட்ச ரூபாய் கைமாறும் இடத்தில் மட்டும் விற்பவரின் வாய்மொழியைச் சான்றாகக் கொள்கிறார்கள்.

அந்த வாய்மொழியை முதலில் ஆராய வேண்டும். ‘சிங்கிள் ஓனர்’, ‘டாக்டர் ஓட்டிய வண்டி’, ‘ஷோரூம் கண்டிஷன்’ ஆகிய மூன்றும் பழைய கார் விளம்பரங்களின் நிலைத்தொடர்கள். பால் கிரைஸ் 1975இல் அச்சான தம் கட்டுரையில் விளக்கிய உட்குறிப்பு இங்கே முழுவீச்சில் இயங்குகிறது. ‘ஒரே உரிமையாளர்’ என்பது ஆர்.சி. புத்தகத்தின்படி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்பவர் அதிலிருந்து பெறும் பொருள் ‘ஒரே கை, ஒழுங்கான பராமரிப்பு’ என்பது. அதை விற்பவர் சொல்லவே இல்லை. உரிமையாளர் ஒருவர், ஓட்டியவர்கள் ஐவர் என்றாலும் அத்தொடர் பொய்யாகாது. மருத்துவர் ஓட்டினார் என்ற செய்தி கிளட்சின் நிலையைப் பற்றி எதையும் உணர்த்துவதில்லை. பின்னால் வழக்காடத் துணிந்தாலும், சொல்லாத ஒன்றைப் பொய் என்று நிறுவுவது எளிதன்று.

இந்தச் சிக்கலைப் பொருளியல் நெடுநாள் முன்பே பேசிவிட்டது. பழுதான காரை ‘எலுமிச்சை’ என்று அழைக்கும் அமெரிக்க வழக்கைத் தலைப்பில் வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரைக்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில், நல்ல வண்டிக்கு உரிய விலை கிடைக்காது. ஆகவே நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்கத் தயங்குவார். எஞ்சுவது பெரும்பாலும் கழிவு. நம் வகுப்பறைகளில் இதைப் பாடமாக நடத்துகிறார்கள். மாலையில் அதே சந்தைக்குச் செல்லும்போது தனக்கு மட்டும் நல்ல வண்டி வாய்க்கும் என்று நம்புகிறார்கள்.

நடுத்தர எஸ்யூவியில் இந்த ஆபத்து இரட்டிப்பு. பழைய வண்டியின் விற்பனை விலை குறைகிறதேயன்றி, அதன் உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை. பதினைந்து லட்சத்துக்கு விற்ற வண்டி ஆறு லட்சத்துக்கு வந்தாலும் டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் பதினைந்து லட்ச வண்டிக்கு உரியவையே. தயாரிப்பு நின்றுபோன வண்டியானால் உதிரிபாகம் கிடைப்பதே கேள்விக்குறி. ரெனோ டஸ்டரின் முதல் தலைமுறை 2012இல் இந்தியாவுக்கு வந்து 2022இல் விடைபெற்றது. மஹிந்திரா எக்ஸ்யூவி500 2011இல் தொடங்கி 2021இல் நின்றது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. இவற்றைக் கெட்ட வண்டிகள் என்று சொல்ல முடியாது. ஆனால் இவற்றின் விலை ஏன் கவர்ச்சியாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது. டஸ்டரின் டீசல் எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட். உரிய காலத்தில் மாற்றாமல் அது அறுந்தால் வால்வுகளும் சேர்ந்து நாசமாகும். முந்தைய உரிமையாளர் அதை மாற்றினாரா என்பதற்கு ரசீதைத் தவிர வேறு சான்று இல்லை.

அடுத்தது ‘டீசல், நல்ல மைலேஜ்’ என்ற சமாதானம். விஜயநகரிலிருந்து வளாகத்துக்கு மூன்று நான்கு கிலோமீட்டர். எஞ்சின் சூடேறுமுன் பயணம் முடிந்துவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்ற பெரும்பாலான டீசல் எஸ்யூவிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிந்து தீர, புகைக்குழாய் நன்கு சூடேற வேண்டும்; அதற்கு நெடுஞ்சாலையில் சீரான ஓட்டம் தேவை. நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் வடிகட்டி அடைபடும். அதைக் காப்பதற்காகவே வாரந்தோறும் பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டியை விரட்டினால், மிச்சமானதாகச் சொன்ன எரிபொருள் எங்கே மிஞ்சும்?

தமிழ்நாட்டிலிருந்து ஆய்வுக்கு வருபவர்கள் ஊரில் மலிவாகக் கிடைத்த டி.என். வண்டியை ஓட்டிவருவதும் வழக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அப்போது வண்டியின் வயதுக்கேற்பக் கணக்கிட்டுக் கர்நாடகத்தின் ஆயுள்வரியைக் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கட்டிய வரியின் மீதத்துக்கு அங்கே தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். முனைவர் பட்டம் 12 மாதங்களில் முடிவதில்லை. வாங்கும் நாளில் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பவர் மிகச் சிலர்.

இத்தனைக்கும் நடுவில் அரசு என்ன செய்கிறது? சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவின் ஆயுள் 15 ஆண்டு. அதுவரை புகைச் சான்றிதழைத் தவிர வேறு தகுதிச் சோதனை எதுவும் கட்டாயமில்லை. பிரேக்கும் சஸ்பென்ஷனும் தேய்ந்த ஒன்பது வயது வண்டி, சட்டத்தின் பார்வையில் புதிய வண்டிக்குச் சமம். 2022 டிசம்பரில் வெளியாகி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் பழைய கார் வணிகர்களுக்கு அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கின. நல்ல தொடக்கம்தான். ஆனால் அவற்றின் அக்கறை வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதில். எந்த நிலையில் இருக்கிறது என்பதில் அன்று. வணிகரின் கொள்விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அளந்து 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வாங்கத் தெரிந்த அரசுக்கு, ஓடோமீட்டர் காட்டும் எண் உண்மையா என்று கேட்கத் தெரியவில்லை.

கேட்க முடியாததன்று அது. அமெரிக்கா 1972இலேயே ஓடோமீட்டரைப் பின்னோக்கித் திருப்புவதைச் சட்டத்தால் தடுத்தது. 1986இல் அச்சட்டத்தை மேலும் இறுக்கியது. பெல்ஜியத்தில் 2006 முதல், பழைய காரை விற்பவர் அதன் கிலோமீட்டர் வரலாற்றைக் காட்டும் சான்றை வாங்குபவரிடம் தந்தாக வேண்டும். அதற்குத் தேவையான தரவு இந்தியாவிலும் சிதறிக் கிடக்கிறது: சர்வீஸ் பதிவு நிறுவனத்திடம், விபத்து இழப்பீட்டுப் பதிவு காப்பீட்டாளரிடம், உரிமை மாற்றம் ‘வாகன்’ தளத்தில். இவற்றை ஒருசேரக் கேட்டுப்பெறும் உரிமை மட்டும் வாங்குபவருக்கு இல்லை.

‘நல்ல மெக்கானிக்கை அழைத்துச் சென்று பார்த்தால் போதும்’ என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். எனினும் ஒரு மணி நேரச் சோதனையில் கசிவு தெரியும், சத்தம் தெரியும். திருத்திய ஓடோமீட்டரும் நாள் கடந்த பெல்ட்டும் தெரிவது அரிது. தவிர, விற்பவர் அறிந்ததைக் கண்டுபிடிக்கும் செலவை வாங்குபவர் ஏன் ஏற்க வேண்டும்? அடிக்கடி நெடுந்தொலைவு செல்பவர், முழுமையான சர்வீஸ் பதிவுள்ள வண்டியை அறிந்தவரிடம் வாங்கினால் பயனடையலாம். அந்த விலக்கைப் பொதுவிதியாக்குவதுதான் தவறு.

இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை 37,000 ரூபாய், முதுநிலையில் 42,000. அதுவும் மாதந்தோறும் தவறாமல் வருவதில்லை என்பதை வளாகம் அறியும். டர்போ ஒன்று போனால் ஒரு மாத உதவித்தொகை பெரும்பாலும் போதாது. கடன் தவணையோ அந்த மாதத்துக்காகக் காத்திருக்காது. ஆகவே கோரிக்கை தெளிவானது. புகைச் சோதனை, காப்பீடு, சர்வீஸ் ஆகிய ஒவ்வொரு நிலையிலும் ஓடோமீட்டர் எண்ணை ‘வாகன்’ தளத்தில் பதிய வேண்டும். விற்பவர் தாம் அறிந்த பழுதுகளை எழுத்தில் தர வேண்டும். அவை சட்டமாகும் வரை, வாங்குபவர் ‘சிங்கிள் ஓனர்’ என்ற சொல்லைக் கேட்டதும் சர்வீஸ் ரசீதுகளைக் கேட்கட்டும். தர மறுத்தால், எவ்வளவு மலிவென்றாலும் திரும்பி வந்துவிடட்டும்.