ஆதிப்புள்ளி தெரியாமல் ஊர் சுற்றலாமா?

“கட்டுரையை எங்கே சேமித்து வைத்தாய்?” என்று கேட்டால், “கணிப்பொறியில்தான், சார்” என்று விடை வருகிறது. வீட்டு முகவரியைக் கேட்டால் “திருச்சி” என்று மட்டும் சொல்வதைப் போன்றது இது. தபால்காரர் என்ன செய்வார், பாவம்!

ஒரு பொருளின் இருப்பிடத்தைச் சொல்ல முதலில் ஆதிப்புள்ளி வேண்டும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். லினக்ஸில் அந்த ஆதிப்புள்ளி ஒரு சாய்கோடு: /. இதற்கு ‘வேர்’ என்று பெயர். கோப்புகளையும் வேறு அடைவுகளையும் வைக்கும் அறையே அடைவு. எல்லா அடைவுகளும் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதிக்கு உள்ளே சித்திரை வீதி, அதற்கும் உள்ளே உத்திர வீதி என்று போகிறோம் அல்லவா? லினக்ஸிலும் அடைவுக்குள் அடைவு உண்டு. ஆனால் இங்கே ஓர் அடைவிலிருந்து பல கிளைகள் பிரியலாம். /ஹோம்/மாலா/இயற்பியல் என்பது வேரிலிருந்து எழுதிய முழு முகவரி. எங்கே நின்று படித்தாலும் அதன் பொருள் மாறாது. ‘இயற்பியல்’ என்று மட்டும் எழுதினால், அது நிற்கும் இடத்திலிருந்து சொல்லும் வழி. “வலப்பக்கம் திரும்பு” என்ற சொல் மலைக்கோட்டை வாசலில் ஓரிடத்துக்கும், சத்திரம் பேருந்து நிலையத்தில் வேறோரிடத்துக்கும் கொண்டுபோய் விடும்!

ஹோம் என்பது பயனர்களின் வீடுகள் உள்ள தெரு. எட்சி என்ற அடைவில் அமைப்புக் குறிப்புகள், வார் என்பதில் மாறிக்கொண்டே இருக்கும் பதிவேடுகள், யு.எஸ்.ஆர். என்பதில் நிரல்கள். 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் மரபு இது. 1991-இல் பிறந்த லினக்ஸும் இதையே பின்பற்றியது.

பென்டிரைவுக்கு இங்கே தனி எழுத்து கிடையாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக உள்ள ஸ்ரீரங்கத்தைப் பாலம் திருச்சியோடு சேர்ப்பதுபோல, அது மரத்தின் ஓர் அடைவோடு இணைக்கப்படுகிறது. வண்டிகள் போகும்போதே பாலத்தைப் பெயர்த்தால் என்ன ஆகும்? ஆகவே, இணைப்பை முறையாகத் துண்டித்த பிறகே அதை உருவ வேண்டும்.

“படத்தைத் தொட்டால் கோப்பு திறக்கிறதே, இதெல்லாம் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். திறக்கும்வரை அது போதும். ஓராண்டு உழைத்துத் தயாரித்த திட்ட அறிக்கை காணாமற்போன நாளில் போதாது. தன் உழைப்பு ஹோம் அடைவில் இருக்கிறது என்று அறிந்தவர் அதற்குப் பிரதி எடுத்து வைப்பார். அறியாதவர் கடைக்காரரிடம் கணிப்பொறியைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்பார். ஒருவர் கருவிக்கு எஜமானர். மற்றவர் வெறும் வாடிக்கையாளர்.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கருவி கைக்கு வந்தது. வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டாமா? கணிப்பொறிப் பாடத்தின் முதல் வாரத்திலேயே இந்த மரத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஆகும் செலவு ஒரு சுண்ணக்கட்டி!

அதுவரை நீங்களே தொடங்குங்கள். முனையத்தில் பி.டபிள்யூ.டி. என்ற மூன்று எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பொதுப்பணித் துறை அன்று. நீங்கள் நிற்கும் இடத்தின் முழு முகவரி வரும். எல்.எஸ். என்று தட்டினால் அங்கே உள்ளவை தெரியும். அஞ்ச வேண்டாம். சாதாரணப் பயனராக நுழைந்தவர் அமைப்பின் அடைவுகளைப் பெரும்பாலும் பார்க்கலாமே தவிர, மாற்ற முடியாது. பார்த்ததைத் தாளில் மரமாக வரையுங்கள்.