ஒரு நட்டு போதும்!

லேத்தில் டூல் நடுங்கினால் என்ன செய்வோம்? மெஷினை நிறுத்தி, டூல் போஸ்டைக் கையால் ஆட்டிப் பார்ப்போம். பேலகொண்டப்பள்ளி ஓடுதளம் பக்கத்திலேயே இருந்தும், விமானம் என்றால் நமக்கு எட்டாத படிப்பு என்று ஒதுங்குகிறோம். சொந்தமாகக் கட்டிய சிறு விமானத்தின் எலிவேட்டர் நடுங்கினாலும் இதே வைத்தியம்தான்! கீலில் ஆட்டம், கேபிளில் தொய்வு, தளர்ந்த நட்டு, மறு பெயின்ட்டால் கெட்ட சமநிலை என்று ஒவ்வொன்றாகத் தரையிலேயே பார்க்கணும். "பறந்து பார்ப்போமே" என்பது விபரீதம். வேகம் கூடினால் காற்றே நடுக்கத்துக்குத் தீனி போடும். நொடியில் வால் பிய்ந்துவிடலாம்.

2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் ரீனோ பந்தயத்தில், மாற்றியமைத்த மஸ்டாங் விமானம் விழுந்து 11 பேர் இறந்தார்கள். வாலிலுள்ள சின்ன டிரிம் டேப்பின் திருகுகள் தளர்ந்திருந்தன. காரணம், பிடிப்புப் போன பழைய லாக் நட்டுகள்!

நாமும் கழற்றிய நைலாக் நட்டையே திரும்பப் போடுகிறோம். எடுக்காத ரீடிங்கை ரெகார்டில் எழுதுகிறோம். மார்க் கிடைக்கும், சரி. உசுரு திரும்பக் கிடைக்குமா? தொட்டுப் பார்க்காமல் 'ஓகே' போடும் பழக்கத்தை இந்த ஒர்க்ஷாப்பிலேயே விட்டுவிடுவோம். நாளைக்கு நம் கையெழுத்தை நம்பித்தான் ஒருத்தர் ஏறி உட்காருவார்!