160 ஏக்கரும் 7 பேர்ச்சும்

அமெரிக்கக் கௌபாய்ப் படங்களைக் குதிரையும் துப்பாக்கியும் நிறைந்த வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர் உளர். 1953-இல் ஹாலிவுட்டின் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஷேன்’ என்னும் படத்தை அவர்கள் ஒருமுறை பார்த்தல் வேண்டும். ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய அப்படத்தின் உள்ளே நிற்கும் கேள்வி ஒன்றே: நிலம் யாருக்கு உரியது?

வயோமிங் மலையடிவாரத்தில் ஸ்டாரெட் என்னும் உழவன் காணி திருத்திக் குடியேறுகிறான். முன்னரே அங்கு மாடு மேய்த்துச் செல்வனான ரைக்கர், பள்ளத்தாக்கு முழுவதும் தனதே என்கிறான். வழிப்போக்கனாக வந்த ஷேன் உழவனின் பக்கம் நிற்கிறான். இருவரும் கோடரி கொண்டு ஒரு பெரும் மரக்கட்டையை வேரோடு பெயர்க்கும் காட்சியை உழவர் எவரும் மறவார்.

ஸ்டாரெட்டுக்குத் துணை நின்றது ஷேனின் துப்பாக்கி மட்டுமன்று. சட்டமும் துணை நின்றது. 1862-ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, 160 ஏக்கரில் ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தவன் அந்நிலத்துக்கு உரியவனானான். அந்நாட்டுக் குடிமகனாக விரும்புகிறேன் என்று முறைப்படி அறிவித்த அந்நியனுக்கும் அச்சட்டம் இடம் கொடுத்தது.

ஊவாவின் பூனாகலைத் தோட்டத்திலே வாழும் தமிழன் இப்படத்தைக் கண்டால் என்ன நினைப்பான்? காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, மலைச்சரிவைத் தேயிலை மலையாக்கியவர் அவன் முன்னோரும் அன்றோ! ஐந்தாண்டு அன்று, ஐந்து தலைமுறை உழைத்தனர். கிடைத்தது என்ன? 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டனர். எஞ்சியோரின் குடியுரிமைக் குறை தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. வாக்குச் சீட்டு வந்தது. காணி உறுதியோ பெரும்பாலோர் கைக்கு வரவில்லை.

காணியில்லாதவன் தான் வாழும் இடத்தைத் தானே தெரிந்தெடுக்க முடியாது. 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையிலும் மண் சரிந்தது. எச்சரிக்கை கிடைத்தாலும் லயன் காம்பராவை விட்டு எங்கே போவது?

தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் ஒதுக்கப்பட்டது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். அதாவது, ஸ்டாரெட்டின் 160 ஏக்கர் எங்கே, ஓர் ஏக்கரை இருபத்திரண்டு குடும்பம் பங்கிடும் நிலை எங்கே! கூரைக்கு அது போதலாம், ஏருக்குப் போதாது.

படத்தின் பெருங்குறையையும் நாம் மறைக்கோம். ரைக்கரும் ஸ்டாரெட்டும் வழக்காடும் அம்மண்ணை முதலில் ஆண்ட செவ்விந்தியர் பேச்சிலே வருகின்றனரேயன்றித் திரையிலே வருவதில்லை. நாமும் அவ்வாறு செய்தல் தகாது. 1817-இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை வெள்ளையர் கொடுமையாக அடக்கினர். பின்னர் 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால், உரிமைச் சான்று காட்ட இயலாத சிங்களக் கிராமத்தவரின் நிலத்தையும் முடி தனதாக்க வழி பிறந்தது. அந்நிலத்தைப் பறித்தவன் கூலியாள் அல்லன். பறிகொடுத்தவனும், அதில் உழைத்து ஒன்றும் பெறாதவனும் ஒரே அநீதியின் இரு பக்கங்கள். இவ்விருவரையும் மோதவிடுவோர் எவராயினும் அவர் உழவரின் நண்பர் ஆகார்.

ஆகவே நாம் கேட்பன மூன்று. சரிவு அபாயமுள்ள லயன்களில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான இடம் முதலில் தரப்படுக. வீட்டோடு காணி உறுதியும், கணவன் மனைவி இருவர் பெயரிலும், வழங்கப்படுக. தோட்டங்களில் தரிசாகக் கிடக்கும் நிலம், அயற்கிராமத்து நிலமற்றோரையும் சேர்த்து, பயிர் செய்வோருக்குப் பங்கிடப்படுக. சட்டம் கற்ற தமிழர் இதற்கான வரைவை எழுதட்டும். மண்ணறிந்த உழவர் அதனைத் திருத்தட்டும்.

ஷேன் போன்ற வீரன் ஒருவன் குதிரையேறி வந்து நம் வழக்கைத் தீர்ப்பான் என்று காத்திருத்தல் பேதைமை. அவன் வந்தாலும், வேலை முடிந்ததும் மலைக்கப்பால் போய்விடுவான். நிலைத்து நிற்பது உறுதியே!