செப்ட்ரான் மீது ஒரு வீண்பழி

“கிருமி பழகிவிட்டது. இனி அந்த மாத்திரையைத் தினமும் விழுங்கி என்ன பயன்?” எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தடுப்பு மருந்தாகத் தரப்படும் கோட்ரைமாக்சசோலைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வி சுற்றுகிறது. நம் மருந்துக்கடைகளில் இதற்குச் செப்ட்ரான் என்று பெயர்.

கேள்விக்கு விடை லுசாகாவில் கிடைத்தது. ஜாம்பியாவின் தலைநகரான அந்த ஊரில் அப்போது வழக்கமான நோய்க்கிருமிகளில் 60 முதல் 80 சதவீதம் வரை இம்மருந்துக்கு மசியாதவையாக இருந்தன. பலிக்காது என்று சொல்வதற்கு அதைவிடத் தோதான ஊர் இல்லை. எச்.ஐ.வி. தொற்றிய 500-க்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். வெற்று மருந்துப் பிரிவில் 112 பேர் இறந்தார்கள். மருந்துப் பிரிவில் 74 பேர். வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்ததால் 2003-இல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆய்வகத் தட்டில் கிருமி சாகவில்லை என்பதால் உடம்புக்குள் மருந்து சும்மா இருக்கிறது என்று ஆகாது. நிமோசிஸ்டிஸ் நிமோனியாவையும் மலேரியாவையும் அது தடுக்கிறது. குடல் அழற்சியைக்கூடத் தணிக்கிறது என்கின்றன பிந்தைய ஆய்வுகள்.

அடுத்த குற்றச்சாட்டு இன்னும் கனமானது: எதிர்ப்பை வளர்த்ததே இந்த மாத்திரைதானாம். மலாவியில் எச்.ஐ.வி. நோயாளிகளின் இரத்தத்தில் புகுந்து கொன்ற சால்மோனெல்லா பாக்டீரியாவின் எஸ்.டி.313 வகையைப் பாருங்கள். பெரும்பாலும் பேதி இல்லாமல் வெறும் காய்ச்சலாக வரும். ஆறியபின் திரும்பவும் வரலாம். அதன் மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டால் முதல் கிளை 1960 வாக்கிலும் இரண்டாவது கிளை 1970-களின் பிற்பகுதியிலும் பரவத் தொடங்கியதாகத் தெரிகிறது. தடுப்பு மாத்திரை ஆப்பிரிக்காவுக்குப் பரிந்துரைக்கப்பட்டதோ 2000-இல். இரண்டாவது கிளை ஓங்கியதற்குக் குளோராம்பெனிக்கால் என்ற வேறோர் ஆன்டிபயாடிக்குக்கு எதிரான எதிர்ப்பே காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒரே மூட்டையில் பல மருந்துகளின் எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்தே பயணித்தன. மாத்திரை எதிர்ப்பைக் கூட்டவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தினசரி மருந்துக்கு அந்த விலை உண்டு. ஆனால் முதல் குற்றவாளி அதுவல்ல.

“எச்.ஐ.வி.யையே அடக்கும் ஏ.ஆர்.டி. சிகிச்சை வந்துவிட்டதே, நிறுத்திவிடலாமே?” என்பார்கள். உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஏ.ஆர்.டி. எடுத்த குழந்தைகளிடம் நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களில் 19 சதவீதம் பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், தொடர்ந்தவர்களில் 13.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான்: தடுப்பையும் சிகிச்சையையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். மாத்திரை எடுப்பவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டால், அதே மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பது வைத்தியமல்ல. ஆன்டிபயாடிக் ஊசி போடும் முன் பிளட் கல்ச்சருக்கு இரத்தம் எடுக்க வேண்டும். அந்த இரத்தத்தைச் சேகரிக்கும் பாட்டிலே இல்லாத வார்டுகளைப் பற்றி, மாத்திரையைப் பழிப்பவர்கள் யாரும் கட்டுரை எழுதுவதில்லை.