பன்னிரண்டாவது ஆள்



அமெரிக்கக் கல்லூரிகளின் காற்பந்து, நம் தோட்டத் திடலில் ஆடுவது போன்றதன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள். முட்டி மோதிச் சாய்ப்பார்கள். அணிக்குப் பதினொருவர். ஆனால் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தாரோ, தங்களுக்குப் பன்னிரண்டாவது ஆளும் உண்டு என்பார்கள்.

1922ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள். டல்லஸ் நகரில், அப்போது பெயர் பெற்றிருந்த சென்டர் கல்லூரியோடு ஆட்டம். டெக்சஸ் ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டனர். மாற்று ஆளும் தீர்ந்துவிடும் நிலை. கூடைப்பந்துக்காகக் காற்பந்தை விட்டிருந்த கிங் கில் என்ற மாணவர், மேலே நிருபர்கள் பகுதியில் இருந்தார். பயிற்சியாளர் டானா பைபிள் அழைத்ததும் இறங்கி வந்தார். அடிபட்ட ஒருவரின் உடையை வாங்கி அணிந்து, ஓரத்தில் தயாராக நின்றார். கடைசி வரை நின்றார். 22-14 என அணி வென்றது. கில் ஆட்டத்தில் இறங்கவே இல்லை!

அதை அம்மாணவர்கள் மறக்கவில்லை. காலேஜ் ஸ்டேஷன் நகரிலுள்ள கைல் திடலில் இலட்சம் பேர் கூடுகிறார்கள். அங்கே மாணவர் கூட்டம் இன்றும் ஆட்டம் முழுவதையும் நின்றே பார்க்கிறது. தேவைப்பட்டால் நாங்களும் இறங்குவோம் என்பதே அதன் பொருள். கில்லுக்கு அங்கே சிலையும் உண்டு.

பந்தைத் தொடாதவருக்குச் சிலையா என்று கேட்கத் தோன்றும். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்க ஒருவர் இருக்கிறார் என்ற தெம்பில்தானே மற்றவர்கள் ஆடுகிறார்கள்! உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். இன்று அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.