வழக்கு இல்லை, பயம் இருக்கிறது

தற்கொலைக்கு முயன்றவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரும் குடும்பத்தார் பலர் முதலில் சொல்வது, "தெரியாமல் சாப்பிட்டுவிட்டார்" என்பதுதான். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பொய் விபத்துப் பதிவேட்டில் ஏறியதும், மனநல மருத்துவரைக் கூப்பிடுவதற்கான காரணமே மறைந்துபோகிறது. பிழைத்தவர் அதே நெருக்கடியோடு வீடு திரும்புகிறார்.

சட்டமோ மாறிவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-வது பிரிவில், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது; சிகிச்சையும் மறுவாழ்வும் அரசின் கடமை என்கிறது. ஓராண்டு வரை சிறை என்ற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. (அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கிலான முயற்சி மட்டும் 226-வது பிரிவில் குற்றமாக நீடிக்கிறது. அதுவும் நெருடல்தான்.)

சட்ட மருத்துவப் பதிவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பின்னணியில் தூண்டுதலோ கொடுமையோ இருக்கலாம். பதிவு இல்லாவிட்டால் அது வெளியே வராது. ஆனால், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும்போதே மனநல மருத்துவருக்கும் போக வேண்டும். வழக்கு இல்லை என்பதைக் குடும்பத்தாரிடம் வாசலிலேயே சொல்ல வேண்டும். சுகாதாரத் துறை இதற்கு உத்தரவிடட்டும்.

மன உளைச்சலில் இருப்போர் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.