சிவப்புக் கோடிட்ட அட்டைகள்

‘எங்கள் தாத்தா கார்டன் ஹைலேண்டர்ஸ் படையிலே இருந்தார்’ என்று சொல்லும் குடும்பங்கள் ஸ்காட்லாந்தில் பல. அதற்குமேல் பலருக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியின் அடியில் ஒரு பதக்கம். சுவரில், கட்டம் போட்ட கில்ட் உடுத்த இளைஞனின் படம். இவற்றை வைத்துக்கொண்டே பேரர்கள் தேடப் புறப்படுகின்றனர். அவர்கள் தேடும் முறையை நம் வாசகரும் அறிந்திருத்தல் நலமென எண்ணி இத்திங்கள் எழுதுகிறோம்.

படையின் பெயர் மட்டும் போதாது. அதே கார்டன் படையின் 1-ஆம் பட்டாளம் 1940 ஜூனில் பிரான்சின் செயின்ட் வலேரியில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. 2-ஆம் பட்டாளமோ 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஜப்பானியர் கையில் சிக்கியது. ஆள் பெயரும் போதாது. நம் பங்குகளில் அந்தோணிசாமிகளும் சூசைகளும் மலிந்திருப்பதுபோல், வட ஸ்காட்லாந்தில் ஜான் மெக்டொனால்டுகள் மலிந்துள்ளனர். ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டும் நமக்கு இத்தொல்லை புதிதன்று! இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களைப் பிரிட்டன் பெயர் பொறிக்காமலே வழங்கியதால் பதக்கமும் வாய் திறவாது. ஆகவே சம்பளப் புத்தகத்திலோ பழைய கடிதத்திலோ உள்ள படை எண்ணையே முதலில் தேட வேண்டும். 1920 முதல் வழங்கப்பட்ட அவ்வெண், படைப்பிரிவு மாறினாலும் மாறாதது.

சிங்கப்பூரில் பிடிபட்டவர்களுக்கு ஜப்பானியர் எழுதிய அட்டைகள் இலண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெற்றோர் பெயர், ஊர், தொழில், பிடிபட்ட இடம் எல்லாம் அவற்றில் உண்டு. ஆண்டு மட்டும் ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக் கணக்கு. 17 என்றிருந்தால் 1942. அட்டையின் குறுக்கே இரு சாய்ந்த சிவப்புக் கோடுகள் இருந்தால், அம்மனிதர் சிறையிலே மாண்டார் என்பது பொருள். கோடில்லாதவர் பலர் விடுதலையானபின் 1945-இல் நிரப்பிய வினாத்தாள்களும் உள்ளன. எந்த முகாம், எந்நாள் முதல் எந்நாள் வரை என அவற்றில் எழுதியிருக்கும். வீட்டில் வாய் திறவாத தந்தையின் கையெழுத்தை அங்கே முதன்முறையாகக் காண்போர் உளர்.

அக்கைதிகள் பலர் சென்ற இடம் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதை. 1943 அக்டோபரில் அது முடிவதற்குள்ளும் பின்னருமாக நேசநாட்டுக் கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறை உண்டு. அதே பாதையில் ஆசியத் தொழிலாளர் மாண்டது அதைப்போலப் பன்மடங்கு. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர் அவர்களுள் மிகப் பலர். அவர்களுக்கு அட்டை எழுதுவார் இல்லை. கோடு கிழிக்கக்கூட ஒரு தாள் இல்லாமற் போனதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

எனினும் வெள்ளைக் கைதிகளின் நாட்குறிப்புகளிலும் போருக்குப் பிந்திய வாக்குமூலங்களிலும் தமிழர் முகாம்கள் பேசப்படுகின்றன. மலேயாவுக்குப் போய்த் திரும்பாத பெரியப்பாவைத் தேடுவோர், அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும், உடன் சென்று மீண்டவர் சொன்ன முகாமின் பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வைக்கட்டும். முகாமின் பெயர் கிடைத்தால், அதே முகாமிலிருந்த ஸ்காட்லாந்துக் கைதியின் தாள்களைப் புரட்டிப் பார்க்கலாம்.